சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று கடைசியில் இருக்கிறது.

போன மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். இந்த மலையில் பதினைந்து வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். திருவிழாவுக்குப் போனால் பழைய மாணவர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் என்று மலை முழுக்க இருந்து சனம் அங்கே கூடிவிடும்.

கோயிலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலை உச்சியில் 5,300 அடி உயரத்தில் மேசை போலத் தட்டையான ஒரு வெளி. அங்கே குனிந்து நுழையவேண்டிய சின்னக் குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்பது மலைச்சனத்தின் நம்பிக்கை.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். வழியோரம் தார்ப்பாய் விரித்து மிளகும் காபித்தூளும் விற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"எனக்கென்னடா, நல்லா இருக்கேன். உனக்கு செமஸ்டர் லீவா?"

அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவன் அம்மாதான் சொன்னார்: "காலேஜ விட்டு நின்னுட்டானுங்க சார். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போவல."

உங்களில் பலருக்கு அவனை ஞாபகம் இருக்கும். பெயர் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆனால் அவன் கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சீட் வாங்கியபோது இதே பக்கத்தில் பெருமையாகப் பதிவு போட்டேன். 'இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஒரு பொறியாளர்' என்று தலைப்பு வைத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள். நானும் ஒவ்வொரு வாழ்த்துக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு பாறையில் உட்கார்ந்து பேசினோம். பணம்தான் பிரச்சினையோ என்று முதலில் கேட்டேன். இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனவன். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டியது. யாராவது கேலி செய்தார்களா? "அப்படியெல்லாம் இல்லைங்க சார், நல்ல பசங்கதான்." பிறகு என்னதான் ஆச்சு?

முதல் செமஸ்டரில் மூன்று அரியர். கணக்கு, பைத்தான், இயற்பியல்.

இயற்பியல் என் பாடம். பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியவன் அவன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கிளாஸ்ல நடத்துறது கொஞ்சம் கொஞ்சமாதான் புரியும் சார். ரூமுக்கு வந்து தனியா உக்காந்து படிப்பேன். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படிப்பேன். மத்தவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு, போன் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க பாஸ் ஆயிட்டாங்க, நான் ஆவல. அப்ப எனக்கு மூளை இல்லைன்னுதானே சார் அர்த்தம்?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் கழித்து இப்போது சொல்கிறேன். இல்லை, அதற்கு அது அர்த்தம் இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு அரசுப் பட்டியலில் பெயர் 'மலையாளி'. கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருளில் வந்த பெயர். வீட்டில் பேசுவது தமிழ். காஞ்சிப் பக்கத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக அவர்களிடம் கதை உண்டு. கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, ஜவ்வாது மலைகளிலும் இதே சனம் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம். மாநிலக் கல்லூரிகளில் இவர்களுக்கு 1 சதவீத இடம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீதம். (அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 வேறு, இது வேறு. பெற்றோர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.)

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. செய்திருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. 2021-ல் பொறியியலுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2022-ல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பலனும் தெரிகிறது. 2024-ல் பச்சைமலை அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.க்குப் போனார். 2025-ல் நம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறையிலிருந்து ஒரு மாணவி ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறி ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆக, வாசல் திறந்துவிட்டது. திறந்தவர்களுக்கு நன்றி. நான் கேட்பது வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை.

இங்கே ஒரு அமெரிக்கக் கதையைச் சொல்லவேண்டும். நம் பையனின் கேள்விக்குப் பதில் எனக்கு அதில்தான் கிடைத்தது.

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளைஞர் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவர். கருப்பின மாணவர்கள் முதலாண்டுக் கால்குலஸில் தொடர்ந்து தோற்பதைப் பார்க்கிறார். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்தான், ஆனாலும் தோற்கிறார்கள். பேராசிரியர்களிடம் காரணம் கேட்டால் ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வசதி இல்லை என்கிறார்கள். நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் கேட்கும் அதே நான்கு காரணங்கள்!

ட்ரைஸ்மன் அவற்றை அப்படியே நம்பவில்லை. கருப்பின மாணவர்கள் இருபது பேர், கணக்கில் நன்றாகத் தேறிவந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிப்பதைக் கூடவே இருந்து கவனித்தார். விடுதிக்குப் போனார், நூலகத்துக்குப் போனார், வீடுகளுக்கும் போனார். ஆர்வத்தில் குறை இல்லை. பிள்ளை படிக்கவேண்டும் என்று உயிரை விடும் பெற்றோர்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது.

கருப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்னபடி வாரம் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். வீட்டுப் பாடத்தைத் தவறாமல் முடித்தார்கள். சீன மாணவர்கள் வாரம் பதினான்கு மணி நேரம் வரை கணக்குப் போட்டார்கள். தனியாகப் படித்த பிறகு சாயங்காலம் ஒன்றாகக் கூடினார்கள். ஒருவன் விடையை இன்னொருவன் திருத்தினான். பழைய கேள்வித்தாளைப் பகிர்ந்தார்கள். பேச்சும் சிரிப்பும் சாப்பாடும் கணக்கும் கலந்தே நடந்தன. ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், கணக்குதான் கஷ்டம், நாம் மக்கு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். தனியாக இருப்பவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

இதைப் படித்தபோது அந்தப் பாறையில் உட்கார்ந்து அவன் சொன்னது காதில் விழுந்தது. 'மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தார்கள்.' அவர்கள் வெறுமனே பேசிக்கொண்டு இருக்கவில்லையப்பா. உன் கண்ணெதிரில் பாதிப் படிப்பு அங்கேதான் நடந்தது. அதில் நீயும் சேரலாம் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, ட்ரைஸ்மன் பிறகு என்ன செய்தார்? இதுதான் முக்கியம். அவர் 'வீக் ஸ்டூடண்ட்ஸ்' என்று பட்டியல் எடுத்து ஸ்பெஷல் கிளாஸ் வைக்கவில்லை. அதற்கு நேர்மாறாகச் செய்தார். 'நீங்கள் திறமைசாலிகள், உங்களுக்குக் கஷ்டமான கணக்குகள் தருகிறோம், வந்து சேர்ந்து போடுங்கள்' என்று அழைத்தார். நான்கைந்து பேராக உட்கார்ந்து, சாதாரண வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைப் பேசிப் பேசிப் போட்டார்கள். கூட இருப்பவர் விடை சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். அப்படிக் கூடிப் படித்த கருப்பின மாணவர்கள், அதில் சேராத மற்றவர்களைக் காட்டிலும் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். அந்த முறை பிறகு அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்குப் பரவியது.

1988-ல் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோரில் இன்னொரு முயற்சி தொடங்கியது. ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற செல்வந்தர் கொடுத்த பணத்தில், ஃப்ரீமன் ரபாவ்ஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் நடத்தினார். கல்லூரி திறப்பதற்கு முந்தைய கோடையிலேயே பிள்ளைகளை வரவழைத்து, ஒன்றாகத் தங்கவைத்து, கல்லூரிக் கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள். குழுவாகத்தான் படிக்கவேண்டும். சீக்கிரமே ஆய்வகத்தில் வேலை. அந்தத் திட்டத்தில் படித்து 2008-ல் பட்டம் வாங்கியவர் கிஸ்மேகியா கார்பெட். கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் முன்னின்ற கருப்பினப் பெண் விஞ்ஞானி. தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற காலத்தை நாம் யாரும் மறந்திருக்கமாட்டோம்.

'அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?' என்று கேட்பீர்கள். கூடி வேலை செய்வது என்ன, மலைச்சனத்துக்குத் தெரியாததா? மிளகு பறிக்கிற காலத்தில் எஸ்டேட் பக்கம் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஒருவர் ஏறினால், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருப்பார். அந்தப் பிள்ளையைத்தான் முன்பின் தெரியாத ஊரில், ஏணி பிடிக்க ஆளே இல்லாமல் ஏறச் சொல்கிறோம். விழுந்தால் அவனுக்கு ஏறத் தெரியவில்லை என்கிறோம்.

என்ன செய்யலாம்? ஒரு வாத்தியாருக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்று. ஒற்றைப் பிள்ளையாக அனுப்பாதீர்கள். கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் போடும்போதே மலைப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரை உட்காரவைத்து ஒரே கல்லூரிகளை முதலில் போடச் சொல்லலாம். ரேங்க் ஒத்துவரும் அளவுக்குத்தான் முடியும். ஆனால் முயற்சி செய்தால் இரண்டு பேராவது சேர்ந்து போவார்கள். ஒரு பிரபலமான கல்லூரியில் தனியாகக் கிடப்பதைவிட, சுமாரான கல்லூரியில் துணையோடு தேறுவது மேல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இரண்டு. பிளஸ் டூ முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் வீணாகப் போகிறது. எஸ்டேட் வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் மலையிலேயே ஒரு முன்வகுப்பு நடத்தவேண்டும். தமிழில் அணி என்று படித்தவனுக்கு அதுதான் மேட்ரிக்ஸ் என்று சொல்லவேண்டும். 'விசை' தெரிந்த பிள்ளை 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைக் கேட்டுத் தடுமாறுவது அறிவுக் குறைவு அல்ல, அகராதிக் குறைவு. கம்ப்யூட்டரில் பத்து வரி பைத்தான் எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் முதல் நாள் கை நடுங்காது. ஐ.ஐ.டி.களிலேயே எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருக்கிறது. ஆகவே இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. நம் மாவட்டத்து அளவில் ஆறு வாரம் நடத்த முடியாதா?

மூன்று. கல்லூரிகளுக்கு. ஏ.ஐ.சி.டி.இ. 2017 முதல் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்கிறது. பல இடங்களில் அது மேடைப் பேச்சும் குரூப் போட்டோவுமாக முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வாரத்தில் மாணவர்களை ஐந்து பேர் ஐந்து பேராகப் பிரித்து, நகரத்துப் பிள்ளையும் மலைப் பிள்ளையும் கலந்து, தினம் ஒரு மணி நேரம் கணக்குப் போடவைத்தால் செலவு எவ்வளவு? ஒரு கரும்பலகை, ஒரு சீனியர் மாணவன். எஸ்.டி. பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். அது உதவி இல்லை, நெற்றியில் ஒட்டும் சீட்டு.

நான்கு. இன்ஜினியரிங் மட்டுமே படிப்பு இல்லை. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆய்வகம் என்றால் பிராக்டிகல் பரீட்சை மட்டும்தான். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும், அதைத் தாண்டி ஆய்வகத்தில் நிற்க முடியாது. அவர்களுக்கு விடுதியில் இடமோ, வாரத்தில் ஒரு நாள் பகலில் ஆய்வக நேரமோ ஒதுக்கினால் போதும்.

ஐந்து. அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே அறிவியலைத் தொடங்கலாம். சேர்வராயன் கோயில் வெளி ஏன் தட்டையாக இருக்கிறது? காலுக்குக் கீழே இருப்பது பாக்சைட். இந்த மலையின் சார்னோகைட் பாறை நெடுங்காலம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, சிலிக்கா கரைந்து போய், அலுமினியம் தங்கி உருவான மேற்தொப்பி. 1960களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தபிறகு இந்த மலையின் பாக்சைட் அங்கே போனது. லாரி போன பாதையைத் தாத்தாக்கள் காட்டுவார்கள். அந்தக் கல்லைப் படித்து ஜியாலஜிஸ்ட் ஆன ஒரு மலையாளிப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மரத்தில் எந்த ஆர்க்கிட் தொற்றும் என்று நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் அங்கே சுற்றிப் பார்க்கும் கூட்டமாக மட்டும் போய்வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு கேள்வி வரும். பழைய சக ஆசிரியர் ஒருவரே கேட்டார்: "ஒதுக்கீடும் குடுத்து, காசும் குடுத்து, இன்னும் கைப்பிடிச்சும் கூட்டிட்டுப் போகணுமா சார்? அப்புறம் தரம் என்ன ஆவறது?"

நியாயமாகக் கேட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் பதில் இதுதான். என் மகன் இன்ஜினியரிங் படித்தபோது அவன் அத்தை மகன் அதே கல்லூரியில் மூன்றாம் வருடம். எந்தப் புத்தகம், எந்தக் கேள்வி அடிக்கடி வரும், எந்த சாரிடம் எப்படிப் பேசவேண்டும், எல்லாவற்றையும் அவன் சொல்லிக்கொடுத்தான். அரியர் விழுந்தபோது, "எல்லாருக்கும் விழும்டா, அடுத்த தடவை எழுது" என்று சொன்னதும் அவன்தான். என் மகனை யாரும் கைப்பிடித்துக் கூட்டிப்போனதாகச் சொல்லவில்லை. அது உறவு என்று பெயர் வாங்கிக்கொண்டது. உறவில் படித்தவன் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி அந்த இடத்தில் நின்றால் தரம் எப்படிக் கெடும்? ட்ரைஸ்மன் தரத்தைக் குறைக்கவே இல்லை, கணக்கைக் கடினமாக்கினார் என்பதையும் மறக்கவேண்டாம்.

கடைசியாக, என் தவறு. இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் நேர்மையாக இருக்காது. அவனைச் சேர்த்துவிட்ட நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் நான் அவனுக்கு ஒரு தடவை கூடப் போன் செய்யவில்லை. நம்பர் என்னிடம் இருந்தது. அவன் நன்றாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் போன் செய்யாததற்குக் காரணம் கேட்டேன். "நீங்க அவ்வளவு பெருமையா எழுதியிருந்தீங்க சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். நான் போட்ட பதிவே அவன் வாயை அடைத்திருக்கிறது.

ஆகவே இந்தத் தடவை வாழ்த்து வேண்டாம், ஆள் வேண்டும்.

வரும் கோடையில் பிளஸ் டூ முடிக்கும் மலைப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் முன்வகுப்பு தொடங்கப் போகிறேன். இயற்பியலை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு ஒருவர் வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் போதும். மேலே வரும் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. இந்தப் பக்கத்தைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது, 'எங்கள் கல்லூரிக்கு வரும் மலைப் பிள்ளையை முதல் வருடம் நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதினால் அது பெரிய உதவி. உள்பெட்டியில் எழுதுங்கள்.

அவன் விஷயம்? மறுபடி சேர விண்ணப்பம் எழுதிவிட்டோம். அவன் அம்மாவுக்குச் சம்மதம். அவனுக்குத்தான் இன்னும் முழு மனசு வரவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டுக்கு வருகிறான். அடுத்த வருடம் கல்லூரி போகும் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட உட்காருகிறார்கள். போன வாரம் ஒரு மேட்ரிக்ஸ் கணக்கு எனக்கே வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து போட்டு முடித்தார்கள்.

அவன் திரும்பிப் போனால், ஒவ்வொரு ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு நான் அவனுக்குப் போன் செய்வேன். உங்கள் ஊரில் அப்படிப் போன் செய்யவேண்டிய பிள்ளை யாராவது இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்